ஓலைப் பெட்டியிலிருந்து பாலிதீன் வரை - ஒரு பொட்டலத்தின் சரித்திரம்

கும்மிடிப்பூண்டின்னு சொன்னா உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? நிறைய பேருக்கு லோக்கல் ரயில் நெத்தியில எழுதியிருக்கற பேரு. கொஞ்சம் பேருக்கு சிப்காட், இரும்பு ஆலைப் புகை, ஆந்திரா பார்டர். காய்கறி கெட்டுப்போகாம பாத்துக்கற சமாச்சாரத்துக்கும் இந்த ஊர்ப்பக்கத்துக்கும் என்னய்யா சம்பந்தம்னு கேப்பீங்க. இருக்குங்க.

கும்மிடிப்பூண்டிக்கு நேர் கிழக்கே ஏரிக்கரையில பழவேற்காடு. டச்சுக்காரன் 1613ல கோட்டை கட்டின ஊர். அங்கே இன்னிக்கும் பெண்கள், முக்கியமா முஸ்லிம் பெண்கள், பனங்குருத்தோலையில பெட்டி முடையறாங்க. அங்கேயிருந்து தெற்கே வந்தா வாயலூர், புழுதிவாக்கம். அரசாங்கம் பாலிமர் தொழிலுக்குன்னே பூங்கா அமைக்க எடுத்துக்கிட்ட இடம். ரெண்டும் ஒரே பொன்னேரி வட்டம். ஒரு பக்கம் ஓலைப் பெட்டி, இன்னொரு பக்கம் பிளாஸ்டிக். பறிச்ச காயை எதுல வெச்சு அனுப்பறதுங்கற கேள்விக்கு மனுஷன் கண்டுபிடிச்ச முதல் பதிலும் கடைசி பதிலும் ஒரே தாலுகாவுல பக்கத்துப் பக்கத்துல இருக்கு. நடுவுல என்ன நடந்துச்சுங்கறதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், டீ போட்டுக்கிட்டு வந்து உக்காருங்க :-)

பறிச்ச காய் செத்த காய் இல்லை

முதல்ல ஒரு அடிப்படை விஷயம். செடியிலேர்ந்து பறிச்சதும் காய் செத்துப் போறதில்லை. மூச்சு விட்டுக்கிட்டே இருக்கும். ஆக்ஸிஜனை எடுத்து, தன்கிட்ட இருக்கற சர்க்கரையை எரிச்சு, கரியமில வாயுவையும் வெப்பத்தையும் வெளியே விடும். வெயில் 10 டிகிரி ஏறினா இந்த மூச்சு ரெண்டு மூணு மடங்கு வேகமாகும். கூடவே தண்ணியும் ஆவியாப் போகும். கீரை மாதிரி ஐட்டம் தன் எடையில அஞ்சு சதவீதம் போல தண்ணியை விட்டாலே தொங்கிப் போயிடும், அப்புறம் யாரும் வாங்க மாட்டாங்க.

மூணாவது ஆள் எத்திலீன். பழம் தானே உற்பத்தி பண்ற வாயு. ஒரு பழம் பழுத்தா பக்கத்துப் பழமும் பழுக்கறது இதனாலதான். 1901ல ரஷ்யாவுல நெல்யுபோவ்ங்கறவர், விளக்கெரிக்கற வாயு கசிஞ்ச இடத்துல பட்டாணிச் செடி கோணலா வளர்றதைப் பாத்து, அதுக்குக் காரணம் எத்திலீன்னு கண்டுபிடிச்சார். பழமே இந்த வாயுவை விடுதுன்னு 1934ல இங்கிலாந்துல ரிச்சர்ட் கேன் நிரூபிச்சார். நம்ம ஊர்ல வாழைத்தாரைக் குழியில வெச்சு புகை மூட்டம் போட்டுப் பழுக்க வெச்சவங்களுக்கு இந்தப் பேரெல்லாம் தெரியாது. ஆனா அந்தப் புகையிலயும் வேலை செஞ்சது எத்திலீன்தான்.

ஆக ஒரு பொட்டலத்துக்கு நாலு வேலை இருக்கு. காய் மூச்சு விட இடம் கொடுக்கணும். தண்ணி போகாம தடுக்கணும். அடி வாங்காம காப்பாத்தணும். வேலை முடிஞ்சதும் தொந்தரவு பண்ணாம போய்ச் சேரணும். இந்த நாலையும் கையில வெச்சுக்கிட்டு சரித்திரத்தைப் பாருங்க, எல்லாம் விளங்கும்.

இலையும் ஓலையும்

வெத்திலையைக் கவுளி கவுளியா அடுக்கி, வாழைச்சருகும் வைக்கோலும் சுத்தி, தண்ணி தெளிச்சு அனுப்புவாங்க. மல்லிப்பூவுக்கு வாழை இலை, கட்ட வாழை நார். கறிக்கடையில தாமரை இலை, தேக்கு இலை. தெற்கத்திப் பக்கம் பதநீருக்கும் நுங்குக்கும் பனை ஓலைப் பட்டை, கருப்பட்டிக்கு ஓலைக் கொட்டான். மாம்பழத்துக்கு மூங்கில் கூடை, உள்ளே வைக்கோல் மெத்தை.

மேலே சொன்ன நாலு வேலையை இதுங்களோட வெச்சுப் பாருங்க. ஈர இலை தண்ணியைக் காப்பாத்துது. மூங்கில் கூடையோட இடுக்கு வழியா வெப்பமும் எத்திலீனும் வெளியே போகுது. வைக்கோல் அடியைத் தாங்குது. வேலை முடிஞ்சா மாடு தின்னுடும், இல்லை எருக்குழிக்குப் போயிடும். 'சுற்றுச்சூழலுக்கு உகந்த பேக்கேஜிங்'னு யாரும் பேர் வைக்கலை. அதுதான் கைக்குக் கிடைச்சது, அவ்வளவுதான்.

ஆனா பழசுன்னாலே பொற்காலம்னு நான் சொல்ல வரலை. ஓலைக்கும் கூடைக்கும் ஒரு எல்லை இருக்கு. அது ஒரு நாள் தூரம். மாட்டு வண்டியில ராத்திரி கிளம்பி விடியக்காலை சந்தைக்குப் போய்ச் சேர்ற தூரம். கூடை மேல கூடை அடுக்கினா மேல் கூடையோட பாரம் மொத்தமும் கீழே இருக்கற காய் தலையிலதான் இறங்கும். ரெண்டு அடுக்குக்கு மேல போனா கீழே சட்னிதான்.

ஐஸ் ஹவுஸ் சொல்ற கதை

தூரத்தை ஜெயிக்க என்ன பண்ணலாம்னு உலகம் யோசிச்சப்போ அதுல மெட்ராஸுக்கும் ஒரு பங்கு உண்டு. 1833ல பாஸ்டன்ல இருந்து டஸ்கனிங்கற கப்பல் 180 டன் ஐஸ் கட்டியோட கல்கத்தாவுக்குக் கிளம்பிச்சு. நாலு மாசம் கடல்ல, ரெண்டு தடவை பூமத்திய ரேகையைத் தாண்டி வந்து சேர்ந்தப்போ சுமார் 100 டன் உருகாம மிச்சம் இருந்துச்சு. அனுப்பினவர் ஃப்ரெடரிக் டூடர். அந்த ஐஸை சேத்து வெக்க 1842ல மெட்ராஸ் கடற்கரையில கட்டினதுதான் ஐஸ் ஹவுஸ். இப்போ விவேகானந்தர் இல்லம்னு சொல்றோமே, அதே கட்டடம்தான்.

அந்த வியாபாரத்துல ஐஸை எதுல பொதிஞ்சு அனுப்பினாங்க தெரியுமா? மரத்தூள், வைக்கோல், மரப்பட்டைத் தூள். அமெரிக்க மரம் அறுக்கற ஆலைகள்ல கொட்ட இடமில்லாம கிடந்த குப்பை. விவசாயக் கழிவுல பேக்கேஜிங் பண்றதை இன்னிக்குப் புதுமைன்னு பேசறோம். 190 வருஷத்துக்கு முன்னாடியே அதை நம்பி ஒருத்தர் வியாபாரம் பண்ணியிருக்கார்.

ரிஷ்ராவில் ரெண்டு தடவை

அடுத்து வந்தது சாக்கு. இந்தியாவோட முதல் சணல் ஆலை 1855ல கல்கத்தாவுக்குப் பக்கத்துல ஹூக்ளி கரையில ரிஷ்ராங்கற ஊர்ல ஆரம்பிச்சது. அதுக்கப்புறம் நூறு வருஷத்துக்கும் மேல நம்ம காய்கறியும் தானியமும் கோணியிலதான் போச்சு. 1947ல பிரிவினை வந்தப்போ ஆலைகள் இந்தப் பக்கம், நல்ல சணல் விளையற நிலம் பெரும்பாலும் அந்தப் பக்கம்னு ஆயிடுச்சு.

இப்போ தமாஷைக் கேளுங்க. இந்தியாவோட முதல் பாலிதீன் தொழிற்சாலை 1959ல எங்கே ஆரம்பிச்சாங்க? அதே ரிஷ்ராவுல! சணல் சாக்கு பிறந்த ஊர்லயே அதுக்குப் போட்டியும் பிறந்திருக்கு. கடைசியில 1987ல, தானியத்தையும் சர்க்கரையையும் சணல் சாக்குலதான் கட்டணும்னு சட்டம் போட்டு சணலைக் காப்பாத்த வேண்டியதாப் போச்சு. காய்கறிக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. வெங்காயம் பிளாஸ்டிக் நெட் பைக்குப் போனது, கத்தரிக்காய் பிளாஸ்டிக் சாக்குக்குப் போனது எல்லாம் இப்படித்தான்.

சாக்கு, அது சணலோ பிளாஸ்டிக்கோ, காய்கறிக்கு எதிரிங்க. அதுக்கு எலும்பு கிடையாது. மூட்டை மேல மூட்டை போட்டா பாரம் மொத்தமும் காய் மேலதான். அடிபட்ட இடத்துல தோல் கிழியும், பூஞ்சை ஏறும், அது விடற எத்திலீன் பக்கத்துக் காயையும் கெடுக்கும். ஊத்துக்கோட்டைப் பக்கம் எங்க சித்தப்பா ரெண்டு ஏக்கர்ல கத்தரியும் வெண்டையும் போடறார். மூட்டையை மண்டியில இறக்கினதும் பிரிச்சுப் பாத்து, அடிபட்டதுன்னு எடையில ஒரு பங்கைக் கழிச்சுடுவாங்களாம். "சாக்கு வாங்கின காசும் எனக்குத்தான், அடிபட்ட காயும் எனக்குத்தான்டா"ம்பார். பொட்டலம் பத்தின பேச்சுல இந்த ஒரு வரியை நான் எப்பவும் மறக்கறதில்லை. கெட்டுப்போறதோட நஷ்டம் கடைசியில முதல்ல பறிச்சவன் தலையிலதான் வந்து விடியுது.

இந்த நஷ்டம் எவ்வளவு? 40 சதவீதம் வீணாகுதுன்னு அடிக்கடி சொல்லுவாங்க. லூதியானாவுல இருக்கற சிஃபெட் நிறுவனம் 2015ல வெளியிட்ட நாடு தழுவிய ஆய்வுல கணக்கு இப்படி: கொய்யா 15.88, தக்காளி 12.44, மாம்பழம் 9.16, வாழை 7.76 சதவீதம். 40 இல்லைதான். ஆனா தானியம், பால், மீன் எல்லாம் சேத்து வருஷ நஷ்டம் 92,651 கோடி ரூபாய்னு அதே ஆய்வு சொல்லுது. சின்னத் தொகையா?

கொத்தவால்சாவடியிலிருந்து திருமழிசை வரை

சந்தை தள்ளிப் போகப் போக பொட்டலமும் மாறிச்சு. 1996 வரைக்கும் சென்னைக்குக் காய் வந்து இறங்கினது ஜார்ஜ் டவுன் கொத்தவால்சாவடி. அப்புறம் கோயம்பேடு. லாரிகள் கர்நாடகா, ஆந்திரா, மகாராஷ்டிரான்னு எங்கெங்கேர்ந்தோ வர ஆரம்பிச்சது. ஒரு நாள் தூரம் ரெண்டு மூணு நாள் தூரமாச்சு.

2020 மே மாசம் கொரோனா வந்து கோயம்பேட்டை மூடினாங்க. மே 5 மூடினது, ஒரு வாரத்துக்குள்ள எங்க திருவள்ளூர் மாவட்டத்துல திருமழிசையில தற்காலிகச் சந்தை. செப்டம்பர் கடைசியிலதான் கோயம்பேடு காய்கறிச் சந்தை திரும்பத் திறந்துச்சு. நடுவுல மழை பெஞ்சு திருமழிசை மைதானம் சேறாச்சு. மேலே கூரை சரியா இல்லாத, கீழே ஈரமான இடத்துல காய் எதுல இருக்குங்கறது எவ்வளவு முக்கியம்னு அப்போ தெரிஞ்சது. தரையிலேர்ந்து தூக்கி நிக்கிற பெட்டியில இருந்த தக்காளிக்கும், சேத்துல கிடந்த மூட்டைக்கும் ஒரே கதி இருக்குமா?

அந்தப் பெட்டிதான் பிளாஸ்டிக் கிரேட். அடுக்கினா பாரத்தைப் பெட்டியோட சுவரே தாங்கிக்கும், காய் மேல இறங்காது. பக்கமெல்லாம் ஓட்டை, காத்து போகும். கழுவலாம், வருஷக்கணக்குல உழைக்கும். மூங்கில் கூடை செஞ்ச வேலையை எலும்போட செய்யுது. ஆனா பிளாஸ்டிக்!

பிளாஸ்டிக் ஏன் ஜெயிச்சது?

பாலிதீன் 1933ல இங்கிலாந்துல ஐ.சி.ஐ. கம்பெனி ஆய்வகத்துல தற்செயலாக் கிடைச்சது. நாம இப்போ திட்டற கேரி பேக்கை வடிவமைச்சவர் ஸ்வீடன்காரர் ஸ்டென் துலின், 1965ல காப்புரிமை. காகிதப் பைக்காக மரம் வெட்டறதைக் குறைக்கலாம், ஒரே பையைத் திரும்பத் திரும்ப மடிச்சு வெச்சுக்கலாம்ங்கறதுதான் அவரோட எண்ணம்னு அவர் மகன் பின்னாடி சொல்லியிருக்கார். நாம என்ன பண்ணினோம்னு உங்களுக்கே தெரியும்.

பாலிதீன் வர்றதுக்கு முன்னாடியே 1920கள்ல கேம்பிரிட்ஜ்ல கிட், வெஸ்ட்னு ரெண்டு பேர் ஒரு விஷயத்தைக் கண்டுபிடிச்சிருந்தாங்க. அறையில ஆக்ஸிஜனைக் குறைச்சு கரியமில வாயுவைக் கூட்டினா ஆப்பிள் மாசக்கணக்குல தாங்குது. காய் மூச்சை மெதுவா விடுது, அவ்வளவுதான் ரகசியம். பாலிதீன் வந்ததும் அந்த அறையையே ஒரு பைக்குள்ள கொண்டு வர முடிஞ்சது. படலத்தோட கனத்தையும் ஓட்டையையும் சரியாக் கணக்குப் பண்ணினா பைக்குள்ள காத்து தானா மாறி நிக்கும். கணக்கு தப்பினா காய் மூச்சு முட்டி, புளிச்ச வாடை அடிக்கும். வீட்டுல கவர்ல இறுக்கிக் கட்டி மறந்துபோன கொத்தமல்லியை மோந்து பாத்தவங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

ஆக பிளாஸ்டிக் மூணு வேலையைப் பிரமாதமா செஞ்சது. நாலாவது வேலையில, அதாவது போய்ச் சேர்றதுல, சுத்தமா ஃபெயில்.

தடைக்கு அப்புறம்

2018 ஜூன்ல தமிழக அரசு அறிவிச்சு, 2019 ஜனவரி 1லேர்ந்து ஒரு தடவை பயன்படுத்தி எறியற பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை வந்துச்சு. மாத்தா என்ன பயன்படுத்தலாம்னு ஒரு பட்டியல் கொடுத்தாங்க பாருங்க: வாழை இலை, பாக்கு மட்டை, தாமரை இலை, மூங்கில், துணிப்பை. எங்க பாட்டி வீட்டு சாமான் லிஸ்ட்! 2021 டிசம்பர்ல மீண்டும் மஞ்சப்பை இயக்கம். 2022 ஜூலை 1லேர்ந்து மத்திய அரசும் சில பொருட்களுக்குத் தடை.

இதெல்லாம் நல்லதுதான். ஆனா கவனிச்சீங்களா, இந்தப் பேச்செல்லாம் கடையிலேர்ந்து வீட்டுக்கு வர்ற கடைசி அரை மைலைப் பத்தினது. அந்த அரை மைலுக்கு மஞ்சப்பையே போதும். பிரிட்டன்ல ராப்ங்கற அமைப்பு ஆப்பிள், வாழை, ப்ரோக்கோலி, வெள்ளரி, உருளைன்னு அஞ்சு ஐட்டத்தை வெச்சு ஆய்வு பண்ணி, பிளாஸ்டிக் பொட்டலத்தால அதுங்க ஆயுசு பெரும்பாலும் கூடலை, உதிரியா வித்தா தேவையான அளவு மட்டும் வாங்குவாங்க, வீணாகறதும் குறையும்னு 2022ல அறிக்கை விட்டுச்சு. தோட்டத்துலேர்ந்து சந்தைக்கு வர்ற முன்னூறு கிலோமீட்டர் கதையே வேற. அதுக்கு வாழை இலை பதில் ஆகாது.

இன்னொரு ஏமாத்து வேலையும் உண்டு. 'மக்கும் பிளாஸ்டிக்'னு அச்சடிச்சு வர்ற பைகள். அதுல உண்மையான சரக்குக்குத் தரச்சான்று இருக்கு. ஆனா அது மக்கறதுக்கு 58 டிகிரி அளவுக்கு சூடா இருக்கற தொழிற்சாலை உரக்கிடங்கு வேணும். ஏரிக்கரையில வீசினா அது பாட்டுக்குக் கிடக்கும்.

கோயம்புத்தூர் தந்த பதில்

நம்பிக்கை தர்ற ஒரு வேலை நம்ம மாநிலத்துலயே நடந்துச்சு. 2012ல கோயம்புத்தூர் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், கனடாவோட குவெல்ஃப் பல்கலைக்கழகம், இலங்கையோட தொழில்நுட்ப நிறுவனம் மூணும் சேர்ந்து ஹெக்ஸனால்ங்கற பொருளை வெச்சு ஆராய்ச்சி ஆரம்பிச்சாங்க. கனடா நாட்டு நிதி. ஹெக்ஸனால் ஒண்ணும் பூதம் இல்லை. புல்லை வெட்டினதும் ஒரு பச்சை வாசனை வருமே, அதுல இருக்கற சரக்கு. பழத்தோட செல் சுவரை ஒட்டின சவ்வைச் சிதைக்கற ஒரு நொதியை அது தடுக்குது. சவ்வு கெட்டியா இருந்தா பழம் சீக்கிரம் குழையாது.

இதை அறுவடைக்கு முன்னாடி மாமரத்துல தெளிச்சுப் பாத்தாங்க. அப்புறம் பொட்டலத்துக்குள்ளேயே வெச்சு மெதுவாக் கசிய விடற மாதிரி நுண் இழைப் படலம் பண்ணினாங்க. வெட்டிப் போடற வாழை மரத்தோட நாரையும் பொட்டலம் செய்யப் பயன்படுத்தினாங்க. பூக்கடையில நாம பாத்த அதே வாழை நார், நானோ தொழில்நுட்பத்தோட கைகோத்து வருது.

2025ல சென்னை ஐஐடி ஆராய்ச்சியாளர்கள் வைக்கோல், மரத்தூள், தேங்காய் நார்த் தூள் மேல காளான் இழையை வளர்த்து, தெர்மோகோலுக்குப் பதிலா அதிர்ச்சி தாங்கற பொருள் செஞ்சு காட்டியிருக்காங்க. டூடரோட மரத்தூளேதான், இந்தத் தடவை காளான் ஒட்ட வெக்குது.

சரி, கடைசியா என்னதான் சொல்ல வர்றே?

இதைத்தான். எந்தப் பொட்டலம் நல்லதுன்னு கேக்கறதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேக்கணும். எவ்வளவு தூரம்? எத்தனை நாள்? காலிப் பெட்டியை யார் திருப்பி எடுத்துட்டுப் போறது?

ஒரு நாள் தூரத்துக்கு ஓலையும் இலையும் கூடையும் இன்னிக்கும் போதும். பொன்னேரி கீரை பொன்னேரி சந்தைக்கு வர்றதுக்கு ஈரக் கோணியே ஜாஸ்தி. பல நாள் தூரத்துக்குத் திரும்பி வர்ற கிரேட்தான் நியாயம், அது பிளாஸ்டிக்கா இருந்தாலும். ஏன்னா ஒரு கிலோ தக்காளி அழுகினா அதுக்குப் போட்ட விதை, உரம், மோட்டார் கரண்ட், லாரி டீசல், கூலி எல்லாம் சேர்ந்துதான் அழுகுது. எறியற பிளாஸ்டிக்கும் திரும்பி வர்ற பிளாஸ்டிக்கும் ஒரே பேர்ல இருந்தாலும் வேற வேற ஜாதி.

பிரச்சினை அந்த மூணாவது கேள்வியிலதான். கிரேட்டை வாங்கற காசும், திரும்பி வராமப் போனா நஷ்டமும் விவசாயி தலையில இருக்கற வரைக்கும், எங்க சித்தப்பா மாதிரி ஆளுங்க சாக்கைத்தான் எடுப்பாங்க. அவர் மேல தப்பு சொல்ல முடியாது. ஜெர்மனியில 1992ல இஃப்கோன்னு ஒரு கம்பெனி இதுக்கு ஒரு வழி பண்ணிச்சு. பெட்டியை யாரும் வாங்க வேண்டாம், வாடகைக்கு எடு, காலியானதும் நாங்களே வாங்கிக் கழுவி அடுத்தவனுக்குக் கொடுக்கறோம். நம்ம ஊர்ல சைக்கிள் வாடகைக்கு விட்ட மாதிரிதான். பாலிமர் பூங்காவுக்கு இடம் கொடுத்த அரசாங்கம் கோயம்பேட்டு வாசல்ல ஒரு பெட்டி வாடகை நிலையத்துக்கும் இடம் கொடுத்தா, ஊத்துக்கோட்டை கத்தரிக்கு அது எந்தத் தடையுத்தரவை விடவும் அதிகம் உதவும்ங்கறது என்னோட கருத்து. மாத்துக் கருத்து இருந்தா தாராளமா சண்டை போடலாம், ஆட்டோ மட்டும் அனுப்பாதீங்க :-)

அப்புறம் ஒரு வேண்டுகோள். உங்க ஊர்ல எந்தக் காயை, எந்தப் பழத்தை, எதுல சுத்தி அனுப்புவாங்க? மந்தாரை இலையா, தென்னங்கீத்தா, வேற ஏதாவதா? அந்தக் கட்டுக்கு ஊர்ல என்ன பேரு? பின்னூட்டத்துல எழுதுங்க. பேர் மறக்கறதுக்கு முன்னாடி ஒரு இடத்துல சேத்து வெப்போம்.